நான்-பிளாக்கிங் லாக்: "தடையற்ற பூட்டு" என்று எழுதாதீர்கள்

நிரலாக்கத்தைத் தமிழில் சொல்லித்தரும் குறிப்புகளில் நான்-பிளாக்கிங் லாக் என்பதைத் "தடையற்ற பூட்டு" என்று எழுதுகிறார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. தடையே இல்லாவிட்டால் அது எப்படிப் பூட்டாகும்?

பொருளை முதலில் பார்ப்போம். ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல இழைகள், அதாவது திரெட்டுகள், ஒரே தரவைத் தொடும்போது ஒன்றையொன்று கெடுத்துவிடாமல் இருக்கத்தான் பூட்டு. ஓர் இழை பூட்டை எடுத்துவிட்டால் மற்றதற்கு அனுமதி இல்லை. எல்லாப் பூட்டுக்கும் இது பொது. பூட்டு கிடைக்காத இழை என்ன ஆகிறது என்பதில்தான் வேறுபாடு. வழக்கமான பூட்டில் இயங்குதளம் அதைத் தூங்க வைத்து, பூட்டு விடுபட்ட பிறகே எழுப்பும். அந்த நிலைக்குத்தான் பிளாக்டு என்று பெயர். நான்-பிளாக்கிங் முறையிலோ "இப்போது இல்லை" என்ற பதில் உடனே வந்துவிடும். முடிவெட்டும் கடையை எட்டிப் பார்த்து, கூட்டம் இருந்தால் அப்புறம் வரலாம் என்று திரும்புகிறோமே, அப்படி. ஜாவா நிரல்மொழியில் டிரைலாக் என்ற கட்டளை செய்வது இதைத்தான்.

பிளாக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் மரக்கட்டை. டச்சு, பிரெஞ்சு வழியாக வந்தது. நம்மிடமும் முட்டுக்கட்டை உண்டு, ஆனால் அது டெட்லாக்குக்கு, அதாவது இழைகள் ஒன்றுக்காக ஒன்று காத்து எதுவுமே நகராமல் நிற்கும் நிலைக்கு, போய்விட்டது. பொருத்தமான இடம், அங்கேயே இருக்கட்டும்.

"தடையற்ற" என்பதில் என்ன கெடுதல்? பிளாக் ஆவது இழை, தரவுக்குப் போகும் வழி அல்ல. வழி அடைபட்டேதான் இருக்கிறது. "தடையற்ற பூட்டு" என்று படிக்கும் மாணவர், இது எல்லோரையும் உள்ளே விடும் என்றே எடுத்துக்கொள்வார். பைத்தான் நிரல்மொழியில் பிளாக்கிங்=ஃபால்ஸ் என்று கொடுத்து, பூட்டை எடுக்கும் அக்வயரை அழைப்பார்; வந்த விடை ட்ரூவா ஃபால்ஸா என்று பார்க்காமல் அடுத்த வரியிலேயே கணக்கு இருப்பிலிருந்து 500 கழிப்பார். இருப்பு 2000 என்று வையுங்கள். இரண்டு இழைகளும் 2000 என்றே படித்து, கழித்து, எழுதினால் மிஞ்சுவது 1500. இருக்க வேண்டியது 1000. கடைசி வரியில் பூட்டை விடுவிக்கும் ரிலீஸ் வேறு. பைத்தானின் சாதாரண லாக்கை எந்த இழையும் விடுவிக்கலாம் என்பதால், பூட்டே கிடைக்காத இழை அடுத்தவரின் பூட்டைத் திறந்துவிடும். இத்தனைக்கும் காரணம் தலைப்பிலிருந்த ஒரு பெயரடை.

"தடுக்காப் பூட்டு" என்கிறார்கள் சிலர். அதே கோளாறுதான். "காத்திராப் பூட்டு" பரவாயில்லை. எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் வெயிட்-ஃப்ரீ என்று தனியாக ஒன்று இருக்கிறது. கணினி அறிவியலாளர் மாரிஸ் ஹெர்லிஹியின் 1991 கட்டுரைக்குத் தலைப்பே அதுதான். ஒவ்வொரு செயலும் தன் வேலையைக் குறிப்பிட்ட படிகளுக்குள் முடித்தே தீரும் என்ற உறுதி அது. டிரைலாக் அப்படி எதையும் உறுதி தருவதில்லை. காத்திருப்பு என்ற சொல்லை அதற்கு விட்டுவிடுவதே முறை. பூட்டே போடாமல் தரவைக் கையாளும் லாக்-ஃப்ரீ முறைக்குப் "பூட்டில்லா" என்பது சரியாகப் பொருந்துகிறது. அதையும் "தடையற்ற" என்று எழுதி இரண்டையும் குழப்புகிறவர்களை என்ன சொல்வது!

என் தேர்வு நிறுத்தாப் பூட்டு. ஓடும் இழையை நிறுத்தி வைக்காத பூட்டு. ஓடாக் குதிரை போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அதனால்தான் இடையில் ப் மிகுகிறது. பிளாக்கிங் லாக் என்பது நிறுத்தும் பூட்டு, பிளாக்டு என்பது நிறுத்தப்பட்ட நிலை. ஒரே வேரிலிருந்து மூன்றும் கிடைக்கின்றன. டிரைலாக் என்ற செயலுக்கு "முயன்று பூட்டல்" போதும். "முயல் பூட்டு" என்றால் முயலுக்குப் போட்ட பூட்டு என்று படிப்பார்கள்.

அகராதியில் பிளாக்குக்கு எதிரே முதலில் நிற்கும் "தடை"யை எடுத்து ஒட்டிவிட்டுப் போவது மொழிபெயர்ப்பு ஆகாது. கலைச்சொல் ஆக்குகிறவர் பத்து வரி நிரலாவது எழுதி ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு இழைகளை ஓடவிட்டு, ஒன்று பூட்டைப் பிடித்திருக்கும்போது மற்றது என்ன செய்கிறது என்று திரையில் பார்த்திருந்தால், "தடையற்ற" என்று எழுதக் கை வந்திருக்காது.