ஒரு மாவட்டம் எல்லாக் குழந்தைகளையும் சோதித்தபோது

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஃபோர்ட் லாடர்டேல் நகரை உள்ளடக்கிய புரோவர்ட் கவுண்டி, அந்நாட்டின் மிகப்பெரிய பள்ளி மாவட்டங்களுள் ஒன்று. 2005 வரை அங்கே ஒரு குழந்தை மீத்திறன் மாணவராக (வயதுக்கு மிஞ்சிய திறனால் சிறப்பு வகுப்புக்குத் தகுதி பெறுபவராக) அறியப்பட வேண்டுமானால், பெற்றோரோ ஆசிரியரோ முதலில் அக்குழந்தையின் பெயரை முன்மொழிய வேண்டியிருந்தது. அதன் பின்னரே பள்ளியின் உளவியலாளர் குழந்தையைத் தனியே அமர்த்தி நுண்ணறிவுச் சோதனை நடத்துவார். காத்திருக்க விரும்பாத வசதியுள்ள பெற்றோர், தனியார் உளவியலாளரிடம் கட்டணம் செலுத்திச் சோதித்து, அறிக்கையைப் பள்ளியில் கொடுக்கவும் முடிந்தது.

சோதனையின் கணக்கு எளிது. ஒரே வயதுக் குழந்தைகளின் சராசரி 100 ஆகவும், திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதன் அளவு) 15 ஆகவும் அமையுமாறு மதிப்பெண்கள் சீரமைக்கப்படுகின்றன. சராசரியைவிட இரண்டு திட்ட விலக்கங்கள் மேலே, அதாவது 130 இருக்க வேண்டும் என்பது ஃப்ளோரிடாவின் விதி. நூறு பேரில் ஏறத்தாழ இருவரே இதை எட்டுவர். வறுமையும் ஆங்கிலப் பழக்கமின்மையும் மதிப்பெண்ணைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு பெறும் குழந்தைகளுக்கும், ஆங்கிலத்தை இப்போதுதான் கற்றுவரும் குழந்தைகளுக்கும் இம்மாவட்டத்தில் 116 போதுமானதாக இருந்தது. அளவுகோலை இவ்வளவு தளர்த்திய பிறகும் சிறப்பு வகுப்புகளில் ஏழைக் குழந்தைகள் அரிதாகவே இருந்தனர். முன்மொழியப்படாத குழந்தைக்குச் சோதனையே நடவாது என்னும்போது, தேர்ச்சிக்கான எண் எதுவாக இருந்தால்தான் என்ன?

2005-இல் மாவட்டம் முன்மொழிவுக்காகக் காத்திருக்காமல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அனைவருக்கும் நாக்லியேரி சொல்சாராச் சோதனையை நடத்தத் தொடங்கியது. கோடுகளும் வட்டங்களும் ஓர் ஒழுங்கில் அமைந்த படத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கும். கீழே தரப்பட்ட துண்டுகளுள் எது அங்கே பொருந்தும் என்று குழந்தை கண்டுபிடிக்க வேண்டும். கேள்விகளைப் படிக்கவோ விடையை எழுதவோ தேவையில்லை என்பதால், வீட்டில் ஸ்பானிய மொழி மட்டுமே பேசும் குழந்தையும் மற்றவர்களோடு ஏறத்தாழச் சமநிலையில் நின்று சிந்திக்க முடிகிறது. இதில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள் மட்டும் உளவியலாளரின் முழுச் சோதனைக்கு அனுப்பப்பட்டனர்.

இதன் விளைவைப் பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் ஆராய்ந்தனர். தேர்வு விதியில் எந்த மாற்றமும் செய்யாமலேயே, மீத்திறன் வகுப்பில் சேர்ந்த பின்தங்கிய குடும்பத்துக் குழந்தைகளின் விகிதம் 180 சதவீதமும், ஹிஸ்பானிய (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்த) குழந்தைகளின் விகிதம் 130 சதவீதமும், கறுப்பினக் குழந்தைகளின் விகிதம் 80 சதவீதமும் உயர்ந்தன. பழைய முறையில் பெண் குழந்தைகளும் போதிய அளவு முன்மொழியப்படவில்லை என்பது இதே ஆய்வில் தெரியவந்தது. ஆசிரியர்களை இதற்காகக் குறைகூறுவது நியாயமாகாது என்று கருதுகிறேன். தடையின்றி ஆங்கிலம் பேசி, முந்திக்கொண்டு கையுயர்த்தும் குழந்தை கண்ணில் படுவது இயல்பு. மனத்துக்குள் விரைந்து கணக்கிட்டுவிட்டு மொழி தெரியாமல் மௌனமாக இருக்கும் குழந்தையை முப்பது பேர் நடுவே அடையாளம் காண்பது அரிது. ஆனால் உளவியலாளரின் நேரம் செலவு மிக்கது. பொருளாதார நெருக்கடியில் நிதி சுருங்கியதும் இத்திட்டம் வெட்டப்பட்டது. பழைய இடைவெளியும் திரும்பியது.

இனி வகுப்புக்குள் செல்வோம். நான்காம் வகுப்பில் ஒரே ஒரு மீத்திறன் மாணவர் இருந்தாலும் பள்ளி தனி வகுப்பொன்றைத் திறக்க வேண்டும் என்பது ஆய்வுக் காலத்தில் இம்மாவட்டத்தின் ஏற்பாடு. எஞ்சிய இருக்கைகள், முந்தைய ஆண்டுத் தேர்வு மதிப்பெண் வரிசைப்படி, அந்த முத்திரை பெறாத நல்ல மாணவர்களுக்குச் சென்றன. பல பள்ளிகளில் இவர்களே பெரும்பான்மையாக இருந்தனர். ஆய்வாளர்களுக்கு இந்த வரிசை அரிய வாய்ப்பாக அமைந்தது. கடைசி இருக்கையைப் பெற்ற குழந்தைக்கும், அதற்கு அடுத்த இடத்தில் நின்று வாய்ப்பிழந்த குழந்தைக்கும் திறனில் வேறுபாடு அநேகமாக இல்லை. எனவே ஓராண்டுக்குப் பின் இருவருக்குமிடையே தென்படும் வேறுபாட்டை அவ்வகுப்பின் பயன் என்றே கொள்ளலாம்.

அப்படி ஒப்பிட்டபோது, கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்கள் வாசிப்பிலும் கணிதத்திலும் அரைத் திட்ட விலக்கம் அளவுக்கு முன்னேறியிருந்தனர். அம்முன்னேற்றம் ஆறாம் வகுப்பு வரை நீடித்தது. ஓராண்டுப் படிப்பில் இது மிகப் பெரிய தாவல். வழக்கமான வகுப்பிலேயே தங்கிய மற்ற குழந்தைகளுக்கு இதனால் பாதிப்பு எதுவும் தென்படவில்லை. காரணத்தைத் தேடியபோது, ஆசிரியரின் தரமோ உடன் படிப்பவர்களின் திறனோ இவ்வளவு பெரிய மாற்றத்தை விளக்கப் போதவில்லை. வழக்கமான வகுப்பில் இக்குழந்தைகளிடம் ஆசிரியர்கள் குறைவாக எதிர்பார்ப்பதும், நன்றாகப் படிப்பவரை உடன் படிப்பவர்களே இழுத்துப் பிடிப்பதும் அவர்களைத் தம் திறனுக்குக் கீழே வைத்திருந்தன என்ற விளக்கத்தையே ஆய்வாளர்கள் முன்வைக்கின்றனர்.