வாடிக்கையாளர் இல்லாத வணிக விளையாட்டு எதைக் கற்றுத்தரும்?

வணிகவியல் மாணவர்களுக்குப் போட்டி என்றால் என்ன என்று புரியவைக்கப் பலகை விளையாட்டு செய்யலாம் என்று பேச வருகிற ஆசிரியர்கள் பலர், சின்ன வயதில் ஆடிய, பகடை உருட்டி இடங்களை வாங்கி வாடகை வசூலிக்கும் பிசினஸ் போர்டையே மனதில் வைத்திருக்கிறார்கள். கட்டங்களில் தி.நகர், அடையாறு, அண்ணா நகர் என்று பெயர் போட்டால் சென்னைப் பதிப்பு தயார் என்பது அவர்கள் எண்ணம். ஆடிட்டராகக் கடைக்காரர்களின் கணக்கைப் பார்த்துக்கொண்டு, கல்லூரிகளில் வகுப்பும் எடுக்கிற எனக்கு அதில் ஒரு பெரிய குறை தெரிகிறது. அந்தப் பலகையில் வாடிக்கையாளரே கிடையாது. பகடை கொண்டுபோய் நிறுத்தும் இடத்தில் பணம் கட்டியே ஆகவேண்டும். "விலை ஜாஸ்தி, பக்கத்துக் கடைக்குப் போகிறேன்" என்று சொல்ல வழியில்லை.

இது தற்செயலாக வந்த குறையும் இல்லை. அந்த வகை விளையாட்டின் மூலத்தை உருவாக்கியவர் எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண். 1904-ல் காப்புரிமை பெற்றார். நிலம் ஒரு சிலர் கையில் சேர்ந்தால் மற்றவர்கள் எப்படி நொடிந்துபோகிறார்கள் என்று காட்டத்தான் அதைச் செய்தார். ஒருவருக்கு வரும் வருமானத்தால் எல்லோரும் பயன்பெறும் விதிகளையும் தனியாக வகுத்திருந்தார். 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனம் அவருடைய உரிமையை 500 டாலருக்கு வாங்கியது. உலகம் முழுக்கப் பரவியது மற்றவரை ஓட்டாண்டியாக்கும் விதிகள் மட்டும்தான். எச்சரிக்கையாகச் செய்யப்பட்ட விளையாட்டு, ஆசையைத் தூண்டுவதாக மாறிப்போனது. விதியில் எது வெற்றியோ அதைத்தான் பிள்ளைகள் பாடமாக எடுத்துக்கொள்வார்கள். அட்டையின் பின்னால் அச்சடித்த அறிவுரையை யாரும் படிப்பதில்லை.

அதனால் நான் முதலில் எழுதச் சொல்வது வாடிக்கையாளர் சீட்டுகளைத்தான். ஓ.எம்.ஆரில் அலுவலக வளாகங்களுக்கு எதிரே நான்கு டிபன் கடைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 12 வாடிக்கையாளர்கள். 6 பேர் விலையை மட்டும் பார்ப்பவர்கள், 4 பேர் ருசிக்காக வருபவர்கள், 2 பேர் பழகிய கடையை விடாதவர்கள். விலை 40 ரூபாயைத் தாண்டினால் முதல் 6 பேரும் வீட்டுக்கே போய்விடுவார்கள். ஒரு பிளேட்டின் அடக்கவிலை 22 ரூபாய், சுற்றுக்கு வாடகை 20. ஒவ்வொருவரும் விலைச் சீட்டைக் கவிழ்த்து வைத்து, எல்லோரும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். பகடை தேவையே இல்லை.

நால்வரும் 30 ரூபாய்க்கு விற்றால், ஆளுக்கு 3 பேர் வருவார்கள், வாடகை போக 4 ரூபாய் மிஞ்சும். இந்த இடத்தில் எந்த வகுப்பிலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "எல்லாரும் சேர்ந்து 40 வெச்சா என்ன?" கேட்கட்டும். விதி அதைத் தடுக்கக் கூடாது. 40 வைத்தால் ஆளுக்கு 34 ரூபாய் லாபம். அப்புறம்தான் அடுத்த ஆசை வரும். மற்ற மூவரும் 40-ல் நிற்க ஒருவர் மட்டும் ரகசியமாக 35 போட்டு 7 பேரை இழுத்தால், வாடகை போக 71 ரூபாய். கூட்டுச் சேர்வதும், சேர்ந்தவரை ஏமாற்றுவதும் எவ்வளவு இயல்பாக வருகின்றன என்பதை மாணவர் தன் கையாலேயே செய்து பார்க்கிறார். ஒரு பருவம் முழுக்கக் கரும்பலகையில் வரைபடம் போட்டாலும் இந்த அளவு உறைக்காது.

சட்டம் இங்கேதான் உள்ளே வரவேண்டும். 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, போட்டியாளர்கள் பேசி வைத்து விலை நிர்ணயிப்பது போட்டிக்கு எதிரான, செல்லாத ஒப்பந்தம். அது நடந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் லாபத்தைப் போல மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். கூட்டில் இருந்துகொண்டே இந்தியப் போட்டி ஆணையத்திடம் முதலில் வந்து ஆதாரத்தோடு சொல்பவருக்கு அபராதத்தில் 100 சதவீதம் வரை விலக்கு உண்டு. இரண்டாமவருக்கு 50 வரை, மூன்றாமவருக்கு 30 வரை. விளையாட்டில் இதை ஒரே ஒரு 'முதலில் சொன்னவர்' சீட்டாக நடுவில் வைத்துவிடுங்கள். மேஜையில் பேச்சு உடனே மாறும். கூட்டாளியின் கை எங்கே போகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள்.

கதையல்ல இது. நம் வீட்டு டார்ச்சில் போடும் பேட்டரிக்கே நடந்தது. பேசி வைத்து விலை நிர்ணயித்ததற்காக, 2018-ல் இந்தியப் போட்டி ஆணையம் எவரெடி நிறுவனத்துக்கு 171.55 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிப்போ பேட்டரி தயாரிக்கும், சென்னையைச் சேர்ந்த இந்தோ நேஷனலுக்கும் அபராதம். முதலில் போய்ச் சொன்ன பானசோனிக்குக்கு முழு விலக்கு. ஆட்டம் முடிந்ததும் இந்த வழக்கைச் சொன்னால் விளக்கம் தேவைப்படுவதில்லை.

எனக்கு இதில் தனி அக்கறை உண்டு, காரணம் நான் கணக்குப் பார்க்கும் கடைக்காரர்கள். சங்கம் கூடி ரேட் முடிவு பண்ணுவது ஊர் வழக்கம்தானே என்று நல்ல வியாபாரிகள் பலர் நினைக்கிறார்கள். சங்கத்தின் தீர்மானமும் அதே 3-ஆம் பிரிவில் வரும். கடை சின்னது என்பதற்காக விலக்கு கிடையாது. மருந்து வணிகர் சங்கங்கள் மீது ஆணையம் பலமுறை உத்தரவு போட்டிருக்கிறது. இந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் நாளை குடும்பக் கடையில் உட்காரப் போகிறவர்கள்.

அடக்கவிலைக்குக் கீழே விற்று அடுத்தவரை விரட்டுவதையும் சேர்க்கலாம், ஆனால் கவனமாக. தள்ளுபடி என்றாலே தப்பு என்று மாணவர் புரிந்துகொள்ளக் கூடாது. சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம், போட்டியாளரை ஒழிக்க அப்படி விற்றால்தான் 4-ஆம் பிரிவு பாயும். ஆகவே ஒருவருக்கு மட்டும் கூடுதல் பணத்தோடு ஆட்டத்தைத் தொடங்குங்கள். சம பலம் இல்லாத ஆட்டம் நமக்குப் புதிதில்லை. ஆடு புலி ஆட்டத்தில் 3 புலிக்கு எதிரே 15 ஆடு.

கடை மூடியவரைச் சும்மா உட்கார வைக்காதீர்கள், அவரையே ஆணையமாக்குங்கள். தோற்றவர் கண்ணுக்குத்தான் கூட்டு சீக்கிரம் தெரியும்.

சிவகாசியில் அச்சடிக்கக் கொடுக்க அவசரம் வேண்டாம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கெட்டி அட்டை வாங்கி, கையால் எழுதி, விதித்தாளை மட்டும் மாணவர்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வாய் திறக்காமல் உட்காருங்கள். எந்த வரியில் சண்டை வருகிறதோ அந்த வரியைத் திருத்துங்கள். பாடவேளையின் கடைசிக் கால்மணி நேரத்தைப் பேச்சுக்கு ஒதுக்குங்கள். யார் ஜெயித்தார் என்பதைவிட, அந்த 12 வாடிக்கையாளர்கள் மொத்தம் எவ்வளவு செலவழித்தார்கள் என்று முதலில் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.