ஸ்டெஃபனோபோலஸ் யார் என்று ரேச்சலுக்கே தெரியாது

போன வாரம் மறுபடியும் அப்படி ஒரு ஃபைல் வந்தது. பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களுக்கு எழுதப்படும் தமிழ் சப்டைட்டில்களைச் சரிபார்ப்பது என் வேலை. மொழிபெயர்ப்பாளர் அனுப்பியதைச் சத்தத்தோடு ஓடவிட்டு, வரி வரியாகப் பார்த்து, தவறுகளைக் குறித்துத் திருப்பி அனுப்புவேன். இந்த முறை வந்தது ‘ஃபிரெண்ட்ஸ்’ முதல் சீசனின் நாலாவது எபிசோட். 1994 அக்டோபரில் ஒளிபரப்பானது. அதில் ஜார்ஜ் ஸ்டெஃபனோபோலஸ் என்ற பெயர் வரும் இடத்திலெல்லாம் இன்றைய தமிழ் சினிமா ஹீரோ ஒருவரின் பெயர் உட்கார்ந்திருந்தது.

இந்த வருஷம் இப்படிப் பெயர் மாறி வந்த நாலாவது ஃபைல் இது. ஃபோன் போட்டுக் கேட்டேன். “மேடம், அந்த ஆளை இப்போ யாருக்குத் தெரியும்? முப்பது வருஷப் பழசு. அதான் தெரிஞ்ச பேரா மாத்திட்டேன்” என்றார். நல்ல பெண், உழைப்பாளி. ஆனால் இந்தப் பதிலை நான் இதுவரை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

அந்தக் காட்சியைப் பாருங்கள். இரவு நேரம், மோனிகா, ரேச்சல், ஃபீபி மூவரும் வீட்டில். பீட்சா வருகிறது, ஆனால் அவர்கள் சொன்னது வரவில்லை. காளான், குடைமிளகாய், வெங்காயம் போட்டது வேறு யாருக்கோ போக வேண்டியது. ஜி. ஸ்டெஃபனோபோலஸ் நீங்கள் இல்லையா என்று கொண்டுவந்த பையன் பதறுகிறான். பெயரைக் கேட்டதும் மோனிகா துள்ளுகிறாள். ரேச்சலுக்கோ ஒன்றும் புரியவில்லை. பெயரையே தப்பாக உச்சரித்து, யார் அது என்கிறாள். அவள் உச்சரித்த விதம் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் ஒரு பெரிய பொம்மையின் பெயர்போல இருக்கிறது. ஃபீபி அந்தப் பொம்மையைத்தான் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, அதன் நண்பனான இன்னொரு பொம்மையின் பெயரைச் சொல்லிப் பதில் தருகிறாள். அப்புறம் மோனிகாவே விளக்குகிறாள்: வெள்ளை மாளிகை ஆலோசகர், கிளின்டன் பிரசாரத்தில் இருந்தவர், நல்ல முடி, நல்ல சிரிப்பு. அதன் பிறகுதான் ரேச்சலுக்கு ஆள் பிடிபடுகிறது.

அதாவது, 1994இல், அமெரிக்காவில், அந்த வீட்டுக்குள்ளேயே ஒருத்திக்கு அவரைத் தெரியாது. தெரியாதவர்கள் இருப்பார்கள் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. விளக்கத்தை அவர்களே உள்ளே வைத்துவிட்டார்கள். நாம் செய்ய வேண்டியது அதைச் சரியாகத் தமிழில் கொண்டுவருவது மட்டும்தான். ஹீரோ பெயரைப் போட்டுவிட்டு, அடுத்த நிமிஷமே மோனிகா வாயில் ‘வெள்ளை மாளிகை ஆலோசகர்’ என்று வந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்?

என்னை மிகவும் எரிச்சலூட்டும் எண்ணம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் எல்லாப் பெயரும் புரிந்தது, இப்போது யாருக்கும் புரியாது என்பது. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி அச்சடித்திருப்பதுபோல ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தேதி இருக்கிறது என்று நம்புகிறார்கள். அப்படிக் கிடையாது. 2000இல் தொடங்கிய ‘கில்மோர் கேர்ள்ஸ்’ தொடரில் அம்மாவும் மகளும் பேசும் வேகத்தில் பாட்டு, படம், அரசியல் என்று பெயர்கள் கொட்டும். அதன் டிவிடி பெட்டியில் அந்தக் குறிப்புகளை விளக்கும் சின்னப் புத்தகத்தைத் தயாரிப்பாளர்களே வைத்துக் கொடுத்தார்கள். தொடர் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே அது தேவைப்பட்டது. ஒவ்வொரு பெயரும் புரிந்தா அமெரிக்கர்கள் அதைப் பார்த்தார்கள்? பேச்சின் வேகத்தையும், அந்த இருவரின் நெருக்கத்தையும் பார்த்தார்கள். கேபிள் டிவியில் ‘ஃபிரெண்ட்ஸ்’ பார்த்து வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளும் அப்படித்தான். முதல் நாளிலிருந்தே பாதிப் பெயர் தெரியாது, ஆனாலும் சிரித்தார்கள்.

ஆகவே பெயர் தெரியுமா தெரியாதா என்று கேட்காதீர்கள். அந்தக் காட்சியில் அந்தப் பெயர் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள்.

‘ஐ லவ் லூசி’யில் 1955 பிப்ரவரியில் வந்த எபிசோட் ஒன்றில் நடிகர் வில்லியம் ஹோல்டன் தன் சொந்தப் பெயரிலேயே வருவார். உணவகத்தில் அவர்மேல் பண்டம் கொட்டக் காரணமாகிவிட்ட லூசி, பிறகு தான் தங்கியிருக்கும் அறைக்கே அவர் வந்து நிற்கும்போது அடையாளம் தெரியாமலிருக்க ஒட்டு மூக்கு வைத்துக்கொள்கிறாள். அவளுடைய சிகரெட்டை அவர் பற்றவைத்துவிட, மூக்கு நுனி தீப்பிடிக்கிறது. அவள் அதைக் காபிக் கோப்பைக்குள் முக்குகிறாள். ஹோல்டன் பெரிய நட்சத்திரம் என்பது மட்டும் தெரிந்தால் போதும், அதை லூசியின் பதற்றமே சொல்லிவிடுகிறது. முதல் தடவை பெயர் வரும்போது ‘நடிகர்’ என்று ஒரு சொல் சேருங்கள். போதும்.

‘சைன்ஃபெல்ட்’ கொஞ்சம் கடினம். 1991 டிசம்பரில் ‘ஜேஎஃப்கே’ படம் வந்தது. கென்னடி கொலையில் ஒரே குண்டு எப்படி அத்தனை காயங்களை ஏற்படுத்தியது என்று அதில் நீதிமன்றத்தில் விளக்கும் காட்சி உண்டு. இரண்டே மாதத்தில், 1992 பிப்ரவரியில், ‘சைன்ஃபெல்ட்’ அதை எடுத்துக்கொண்டது. பேஸ்பால் வீரர் கீத் ஹெர்னாண்டஸ் தங்கள்மேல் எச்சில் துப்பினார் என்று கிரேமரும் நியூமனும் சொல்ல, அந்த எச்சில் எந்தப் பாதையில் போனது என்று ஜெர்ரி விளக்கி நிரூபிப்பார். நியூமனாக வரும் வெய்ன் நைட் அந்தப் படத்திலும் அதே காட்சியில் இருந்தவர். படத்தைப் பார்க்காதவர்களுக்கும் இது ஏன் சிரிப்பு? எச்சிலைப் பற்றி ஒரு மனிதர் கோர்ட்டில் வாதாடுவதுபோல அவ்வளவு கனமாகப் பேசுகிறார். குறிப்பு அந்தக் குரலில் இருக்கிறது. எனக்கு வந்த ஒரு ஃபைலில் அந்தப் பேச்சு முழுக்க டீக்கடைப் பேச்சாக இருந்தது. பெயர் ஒன்றுகூட மாறவில்லை, காட்சி மட்டும் செத்துப்போயிருந்தது. அந்த இடத்தில் வக்கீல் தமிழ் எழுதுங்கள். ‘எச்சிலின் பாதையைக் கவனியுங்கள்’ என்று எழுதினால் வேலை முடிந்தது.

எல்லாம் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். ‘மர்ஃபி பிரவுன்’ வாஷிங்டன் செய்தி அறையில் நடக்கும் தொடர், வாராவாரம் அரசியல் பெயர்கள். அதன் நாயகி மர்ஃபி கல்யாணம் ஆகாமல் குழந்தை பெற்றதை 1992 மே மாதம் துணை ஜனாதிபதி டான் குவெய்ல் மேடையில் குறைசொன்னார். செப்டம்பரில் தொடரே அவருக்குப் பதில் சொன்னது. அந்தச் சண்டை தெரியாதவருக்கு அந்த எபிசோடில் பாதி எட்டாது. ஒரு சப்டைட்டிலுக்குக் கிடைப்பது இரண்டு வரி, அதிகபட்சம் ஏழு நொடி, அதற்குள் வரலாறு சொல்ல முடியாது. எட்டாத வரியை உள்ளபடி மொழிபெயர்த்துவிட்டு நகருங்கள். அடைப்புக்குறிக்குள் விளக்கம் போடாதீர்கள். கண் அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வசனம் போய்விடும்.

இன்றைய பெயரை மட்டும் தயவுசெய்து நுழைக்காதீர்கள். காதில் ஸ்டெஃபனோபோலஸ் என்று கேட்கிறது, கீழே வேறு பெயர் ஓடுகிறது. நம் பார்வையாளருக்குக் காது உண்டு. இன்னொன்றும் சொல்கிறேன்: இன்று நீங்கள் போடும் ஹீரோ பெயரும் பத்து வருஷத்தில் பழையதாகும். அப்போது 1994ஆம் வருஷக் காட்சியில் 2020களின் பெயர் தொங்கிக்கொண்டிருக்கும்.

தேடும்போதும் கவனம் வேண்டும். இதே ‘ஃபிரெண்ட்ஸ்’ எபிசோடில் இன்னொரு மொழிபெயர்ப்பாளர் ஸ்டெஃபனோபோலஸை ‘டிவி தொகுப்பாளர்’ என்று போட்டிருந்தார். இணையத்தில் தேடினால் அதுதான் முதலில் வரும், ஏனென்றால் ஸ்டெஃபனோபோலஸ் பின்னாளில் ஏபிசி தொலைக்காட்சியில் பிரபலமானார். 1994இல் அவர் கிளின்டனின் ஆலோசகர். முதலில் எபிசோட் ஒளிபரப்பான தேதியைப் பாருங்கள், அப்புறம் அந்தத் தேதியில் அந்த ஆள் யார் என்று பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்தைச் சோம்பல்பட்டு விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் குறிப்புப் பத்தியில் ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள், ராத்திரி பதினோரு மணியானாலும் நான் பதில் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். மறுநாளே திருத்திய ஃபைல் வந்தது. ஸ்டெஃபனோபோலஸ் திரும்பி வந்திருந்தார். ரேச்சல் குழம்பும் வரியில் அந்தத் தப்பான உச்சரிப்பை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார். ஃபீபியின் பதிலில்தான் நான் பயந்தேன், பொம்மையின் நண்பன் பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் புரியாது. அவர் எழுதியிருந்தது: ‘அது குழந்தைங்க ப்ரோக்ராம்ல வர்ற பொம்மை.’ நேரமும் சரியாக இருந்தது, ஃபீபியும் அதில் இருந்தாள். அந்த வரியில் நான் கை வைக்கவில்லை.