ரேந்தையை வாஷிங் மெஷினில் போடாதீங்க

இந்த மாதம் இது மூன்றாவது. பாட்டி கல்யாணத்துக்குத் தலையில் முக்காடாகப் போட்ட நெட்டு. பழுப்பேறிவிட்டது என்று பிளீச்சில் ஊறவைத்து, மெஷினில் சுற்றி, கேரி பேகில் திணித்துக் கொண்டுவந்தார்கள். ஓரத்து ரேந்தை, அதாவது கையால் பின்னிய லேஸ், திரிதிரியாய்த் தொங்கியது. "அக்கா, ஒரு மீட்டர் கையால போட்டு வச்சுத் தச்சிருங்க. ஞாயித்துக்கிழமை கல்யாணம்."

வந்தது வியாழக்கிழமை.

கடையில் அளந்து வெட்டித் தரும் லேஸைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, கை ரேந்தையும் அதே சரக்கில் விலை கூடின ரகம் என்று நினைப்பு. இல்லைங்க. இதில் துணியே கிடையாது. துணியில் ஓட்டை போடுவதும் இல்லை, துணிமேல் தைப்பதும் இல்லை. குரோஷா ஊசியும் இல்லை. திண்டின் மேல் புள்ளி குத்திய அட்டை, புள்ளிக்குப் புள்ளி குண்டூசி, சுற்றித் தொங்கும் பாபின்கள், அதாவது நூல் சுற்றிய சின்னக் குச்சிகள். நாலு பாபினை எடுத்து மாற்றிப் போட்டு, முறுக்கி, ஊசி குத்தி, அடுத்த நாலு. இரண்டு விரல் அகலத்துக்கே எனக்கு நாற்பது, ஐம்பது பாபின் வேண்டும். மணிக்கு ஓர் அங்குலம் நகர்ந்தால் நல்ல நாள். மீட்டருக்கு 39 அங்குலம். கண் தாங்குவது நாளுக்கு 5 மணி நேரம். எட்டு நாள் ஆச்சா? ஒரு புள்ளி பிசகினால் வந்த வழியே பிரிக்கணும், அது தனி.

நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை இது. 1844இல் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்ட அவர் மகள் எலைசா, இடையன்குடிக்கும் இதைக் கொண்டுபோனார். அன்றைக்கும் அங்குலம் அங்குலமாகத்தான் நகர்ந்தது.

பிளீச் தொடவே வேண்டாம். சின்னக் கிழிசல் இருந்தால் நனைக்கும் முன்னே கொண்டுவாங்க, தண்ணீரில் அது பெரிதாகும். லேசான சோப்புத் தண்ணீரில் அமிழ்த்தி எடுங்க, பிழியாதீங்க, டவலில் பரப்பி நிழலில் காயவிடுங்க. ஹாங்கரில் மாட்டினால் தன் பாரத்திலேயே இழுபடும். சேஃப்டி பின் குத்தி வைக்காதீங்க, தாயே. துருக்கறையோடு மல்லுக்கட்டியே என் பாதி நாள் போகிறது.

அந்த நெட்டுக்கு, நன்றாக இருந்த அரை மீட்டரை நெற்றிப்பக்கம் வைத்து, பின்னால் மெஷின் லேஸ் தைத்துக் கொடுத்தேன். கிழிந்த துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தப் பூவுக்கு என்னிடம் அட்டை இல்லை. லென்ஸ் வைத்து எண்ணித்தான் புள்ளி எடுக்கணும்.