திட்டமிடும் மூளையைப் படம் பிடிக்க மூன்று பந்துகள்

மூன்று குச்சிகள். உயரமானதில் மூன்று பந்துகள் கொள்ளும், நடுவில் இரண்டு, குட்டையில் ஒன்றே ஒன்று. ஒரு தடவைக்கு ஒரு பந்தைத்தான் நகர்த்தலாம். 1982-இல் பிரிட்டனின் நரம்பு உளவியலாளர் டிம் ஷாலிஸ் வெளியிட்ட இந்தப் புதிரின் பெயர் 'லண்டன் கோபுரம்'.

பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டுதான். உயரக் குச்சியில் மேலே சிவப்பு, அதன் கீழே பச்சை, அடியில் நீலம். நடுக்குச்சியில் பச்சை அடியிலும் சிவப்பு அதன் மேலும் வர வேண்டும். சிவப்புதான் கைக்கு எட்டுகிறதே என்று நேராக நடுவில் போட்டால் மாட்டிக்கொள்வோம். அதைக் குட்டைக் குச்சியில் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, பச்சையை நடுவில் இறக்கி, அப்புறம்தான் சிவப்பை அதன் மேல் வைக்க வேண்டும். முதலில் விலகிப் போக வேண்டும் என்று முன்கூட்டியே தெரிகிறதே, அதுதான் திட்டமிடுதல். மூளையின் முன்பகுதி சேதமான நோயாளிகள் தடுமாறியது இதில்தான்.

இதையே எம்.ஆர்.ஐ. கருவிக்குள் செய்யச் சொன்னால்? தலை அசைந்தால் படம் கெட்டுவிடும். அதனால் பந்துகள் திரையில்தான். எத்தனை நகர்த்தல் தேவை என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும்.

கருவிக்கு எண்ணம் தெரியாது, ரத்தம்தான் தெரியும். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தை லேசாகக் குலைக்கும். சுறுசுறுப்பான பகுதிக்குப் புது ரத்தம் தேவைக்கு மேலேயே பாய்வதால் அந்தக் குலைவு குறைந்து, கருவி பிடிக்கும் சமிக்ஞை சற்றே உயர்கிறது. அதுவும் ஐந்தாறு விநாடி தாமதமாகத்தான் உச்சம் தொடும்.

ஆனால் அந்த நேரத்தில் மூளை நிறத்தையும் பார்க்கிறது, விரலையும் அசைக்கிறது. சரி, இவற்றை எப்படிக் கழிப்பது? அதே மாதிரிப் படத்தைக் காட்டி, 'பந்துகளை எண்ணினால் போதும்' என்கிறார்கள். புதிர் போடும்போது எடுத்த மூளைப் படத்திலிருந்து எண்ணும்போது எடுத்ததைக் கழித்தால், நெற்றிக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள முன்மூளைப் பகுதியும் உச்சிப் பகுதியும் எஞ்சுகின்றன.

இந்தக் கழித்தலை நான் முழுசாக நம்புவதில்லை. பந்து எண்ணுகிறவர் மதியம் எங்கே சாப்பிடலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தால்? போதாததற்கு, ஒரு போன் நம்பரை மனத்தில் பிடித்துவைத்தாலே இதே முன்மூளைப் பகுதி வேலை செய்யும். அதனால்தான் புதிரை இரண்டு நகர்த்தலிலிருந்து ஐந்து வரை கடினமாக்கிப் பார்க்கிறார்கள். நகர்த்தல் கூடக்கூட அங்கே சமிக்ஞையும் ஏறுகிறது.