ஓடு இருந்தும் ஓடும் ஆமை

ஆபத்து வந்தால் ஆமை என்ன செய்யும்? தலையையும் நான்கு கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு கல்லாகக் கிடக்கும். வந்த விலங்கு கடித்துப் பார்த்துச் சலித்துப் போகும்வரை அசையாது. கென்யா, தான்சானியா, சாம்பியாவின் வடகோடி ஆகிய இடங்களில் மட்டும் வாழும், அப்பம்போல் தட்டையான பான்கேக் ஆமை அப்படியில்லை. ஆளைக் கண்டால் எழுந்து ஓடிவிடும். ஓட்டம் என்றால் நிஜமான ஓட்டம். ‘ஆமை வேகம்’ என்று கேலி பேசும் வழக்கத்தை ஆரம்பித்தவர் இதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஓடுவதற்குக் காரணம் அதன் ஓடுதான். ஏறத்தாழ 17 செ.மீ. நீளத்துக்கு வளரும் இந்த ஆமையின் உயரம் மூன்று, நான்கு செ.மீ.தான். எடை அரைக் கிலோவை ஒட்டி இருக்கும். பழுப்பு மஞ்சள் நிறத்தில், ஒவ்வொரு தகட்டிலும் கருங்கோடுகள் கதிர்போல் பரவியிருக்கும். கையில் எடுத்து அடிப்பக்கத்தை விரலால் அழுத்தினால் உள்வாங்கும். ஆமையைத் தொட்ட உணர்வே வராது.

சாதாரண நில ஆமையின் ஓடு ஒரு வளைவுக் கூரை. விலா எலும்புகளும் முதுகெலும்பும் அகன்று விரிந்து, ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து உருவானது. மேலே விழும் பாரத்தை வளைவு பக்கங்களுக்குப் பகிர்ந்துவிடும். குஞ்சாக இருக்கும்போது அந்த எலும்புகளுக்கு இடையே இடைவெளிகள் உண்டு. வளர வளர அவை மூடிக்கொள்ளும். பான்கேக் ஆமையிடம் அவை முழுசாக மூடுவதே இல்லை. எலும்பும் மெல்லியது. இடைவெளிகளுக்கு மேலே இருப்பது நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின் பொருளாலான தகடுதான். இந்த விசித்திர எலும்பமைப்பை விலங்கியலாளர் ஜோன் புரோக்டர் 1922இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

இப்படிப்பட்ட ஓட்டை நம்பி வெட்டவெளியில் கிடக்க முடியுமா? அதனால் பாறை இடுக்குதான் அதற்குக் கோட்டை. உள்ளே போகப் போகக் குறுகும் பிளவாகப் பார்த்து நுழைந்து, இறுகிக்கொள்ளும். வெளியே இழுக்க முயன்றால் அசைந்துகொடுக்காது. நுரையீரலில் காற்றை நிரப்பி, பலூன்போல உப்பிச் சிக்கிக்கொள்கிறது என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. கேட்க அழகான விளக்கம், ஆனால் தவறு. விலங்கியலாளர் கார்ல் கேன்ஸும் அவருடைய சகாவும் சோதித்துப் பார்த்து 1972இல் அதை மறுத்தார்கள். வேலை செய்வது காற்றல்ல, கால். முன்னங்கால்களை வெளிப்புறமாகத் திருப்பி ஊன்றி, முதுகைப் பாறைக் கூரையோடு அழுத்துகிறது. நகங்கள் தரையைப் பற்றிக்கொள்கின்றன. வளையும் ஓடு, தன்னைவிடச் சற்றே குறுகலான இடத்திலும் நுழைய உதவுகிறது.

தட்டையாக இருப்பதில் இன்னொரு லாபம்: பாறையிலிருந்து மல்லாக்க விழுந்தாலும் சட்டென்று புரண்டு எழுந்துவிடும். கனத்த, உயர்ந்த முதுகுள்ள ஆமைகளுக்கு இது உயிர்ப் போராட்டம்.

நஷ்டமும் உண்டு. உடம்புக்குள் இடம் குறைவு. பெண் ஆமை ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். ஒரே ஆண்டில் சில தடவை இடக்கூடும். முட்டை பொரிய மாதக்கணக்கில் ஆகும். வேடிக்கை என்னவென்றால், வெளிவரும் குஞ்சின் முதுகு சற்று மேடாகத்தான் இருக்கும். தட்டையாவது பிறகுதான்.

காலையில் சிறிது நேரம் வெளியே வந்து புல்லும் இலையும் மேயும், வெயில் காயும். அப்போதும் இடுக்கை விட்டு அதிகம் விலகாது. மீதிப் பொழுதெல்லாம் உள்ளேதான். சரியான அகலமுள்ள பிளவு எல்லாப் பாறையிலும் அமைவதில்லை என்பதால், ஒரே இடுக்கில் பல ஆமைகள் அடைந்திருப்பதும் உண்டு.

செல்லப்பிராணி வியாபாரத்துக்காகப் பிடிப்பவர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. கையால் இழுத்து வராத ஆமையைக் கடப்பாரையால் பாறையை நெம்பி எடுக்கிறார்கள். பலகைபோன்ற கல் உடைந்தால் பிளவும் போச்சு. அந்த ஆமைக்கு மட்டுமல்ல, அடுத்து வரும் ஆமைகளுக்கும் அங்கே வீடில்லை. குன்றுகளைச் சுற்றியுள்ள புதர்க்காடு விளைநிலமாவதும் சேர்ந்துகொள்கிறது. 2019இல் இந்த இனம் மிக அருகிவிட்டதாக அழியும் ஆபத்தைக் கணிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. காட்டில் பிடித்து நாடு விட்டு நாடு விற்பதற்கும் அதே ஆண்டு தடை வந்தது. கடத்தலில் மீட்ட ஆமைகளைத் திரும்பவும் குன்றில் விட வேண்டுமானால், முதலில் அங்கே உடையாத ஓர் இடுக்கைத் தேட வேண்டியிருக்கும்.