படகு திரையில் விக்குவது ஏன்? லினக்ஸ் கணினியில் கேட் மென்பொருளை வேகப்படுத்துவது

12 மீட்டர் ஃபைபர் படகு ஒன்றின் முப்பரிமாண மாதிரியை ஃப்ரீகேட் என்ற கேட் (கணினியில் வரையும்) மென்பொருளில் திறந்து, மவுஸால் பிடித்துத் திருப்புகிறோம். வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டிய படம் விட்டு விட்டு நகர்கிறது. மண்டபம், பாம்பன், மூக்கையூர் பக்கம் படகும் இறங்குதளமும் ஐஸ் பிளான்ட்டும் வரைந்து கொடுப்பவர்கள் லினக்ஸுக்கு மாறினால் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். "கிராபிக்ஸ் கார்டை மாத்துங்க" என்று யாராவது சொல்வார்கள். சொல்பவர்களுக்குச் செலவில்லை.

மாதிரி ஒன்று திரைக்கு வருவதற்குள் பல வேலைகள் நடந்துவிடுகின்றன. வளைபரப்புகளைக் கணக்கிட வேண்டும், அது சிபியுவின் (கணினியின் மையச் செயலி) வேலை. அந்தப் பரப்புகளைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக உடைக்க வேண்டும், அதுவும் சிபியுவின் தலையில்தான். உடைத்த முக்கோணங்களைப் புள்ளிகளாக்கித் திரையில் நிரப்புவது மட்டுமே கிராபிக்ஸ் கார்டு செய்வது. இவை எல்லாவற்றையும் ரேம் தாங்கிக்கொண்டிருக்கிறது. எந்த இடத்தில் அடைப்போ அந்த இடத்து அமைப்பை மாற்றினால்தான் பலன்.

அடையாளம் காண்பது கடினமில்லை. திருப்பும்போது மட்டும் விக்கினால் வரைவதில் கோளாறு. ஓர் அளவை மாற்றி என்டர் தட்டியதும் உறைந்துபோய்ச் சிறிது நேரம் கழித்து உயிர் வந்தால் கணக்கீட்டில் சிக்கல். மென்பொருளோடு சேர்ந்து உலாவி, கோப்புறை எல்லாமே நத்தையாகிவிட்டால் ரேம் போதவில்லை. காலையில் நன்றாக ஓடியது மதியம் தள்ளாடினால் அது வெப்பம். கடைசியாகச் சொன்னதற்கு நம் கரையில் தனிக் காரணம் உண்டு; பிறகு வருவோம்.

வரைவதில் கோளாறு என்றால், கார்டு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை முதலில் பாருங்கள். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும் மெஸா-யூட்டில்ஸ் தொகுப்பை நிறுவி, கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டினால் 'ஓப்பன்ஜிஎல் ரெண்டரர்' என்று ஒரு வரி வரும். அதில் உங்கள் கார்டின் பெயர் இருக்க வேண்டும். 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால் கார்டு சும்மா கிடக்கிறது, அதன் வேலையைச் சிபியு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் மென்பொருளின் எந்த அமைப்பைத் தொட்டாலும் பயன் சொற்பம்.

என்விடியா கார்டுள்ள கணினிகளில் இது பெரும்பாலும் கெர்னல் (லினக்ஸின் உட்கரு) புதுப்பிப்புக்குப் பிறகு வரும். புதிய கெர்னலுக்கு ஏற்ப, கார்டை இயக்கும் டிரைவர் மாட்யூலை மறுபடி கட்ட வேண்டும். கெர்னல் ஹெடர்ஸ் தொகுப்பு இல்லாவிட்டால் அது சத்தமில்லாமல் தோற்றுவிடும். கட்டி முடித்தாலும், செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது கையொப்பம் சரிபார்க்கும் பாதுகாப்பு) இயங்கினால் கையொப்பமில்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. நிறுவும்போது கேட்கும் கடவுச்சொல்லைக் குறித்து வைத்து, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் சாவியைப் பதிவு செய்ய வேண்டும். அவசரத்தில் அந்தத் திரையைத் தாண்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. இரண்டு கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினியில் இன்னொரு வகைச் சிக்கல்: பேட்டரி மிச்சப்படுத்த இன்டெல் பக்கமே வரைந்துகொண்டிருக்கும். உபுண்டுவில் பிரைம்-செலக்ட் கட்டளையால் என்விடியாவுக்கு மாற்றிவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

கார்டு வேலை செய்கிறது, ஆனாலும் விக்குகிறது என்றால் முக்கோணங்களை எண்ண வேண்டிய நேரம்.

வங்குகளின் (படகின் விலா எலும்புகள்) மேல் பலகை அடிக்கும் ஓடாவிக்கு (படகு கட்டும் தச்சர்) இது புதிதல்ல. அகலப் பலகை போட்டால் வேலை சீக்கிரம் முடியும், வளைவு முறிந்து முறிந்து தெரியும்; குறுகிய பலகை போட்டால் வளைவு அழகாக வரும், வேலை நீளும். மென்பொருள் இதை இரண்டு எண்களால் முடிவு செய்கிறது. ஒன்று விலகல், அதாவது உண்மையான வளைவிலிருந்து முக்கோணம் எவ்வளவு விலகலாம் என்பது. மற்றது கோண வரம்பு: அடுத்தடுத்த துண்டுகளுக்கு இடையே எவ்வளவு திரும்பலாம் என்பது. ஃப்ரீகேடில் பார்ட் பிரிவின் விருப்பங்களில் இரண்டும் இருக்கின்றன.

கோண வரம்பு அங்கே 28.5 பாகை என்று வைக்கப்பட்டிருக்கும். 360-ஐ அதனால் வகுத்தால் ஒரு வட்டத்துக்கு 13 துண்டு. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள புரொபெல்லர் ஷாஃப்ட் அப்போது திரையில் 13 பட்டையாகத் தெரியும். உண்மையான வட்டத்திலிருந்து விலகல் 0.8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 10 பாகையாகக் குறைத்தால் 36 துண்டு, விலகல் 0.1 மில்லிமீட்டருக்குள் அடங்கும். கண்ணுக்கு இது போதும். 2 பாகைக்கு இறக்கிவிட்டுப் பிறகு புலம்புவதில் அர்த்தமில்லை: இரண்டு திசையிலும் வளையும் பரப்பில் கோணத்தைப் பாதியாக்கினால் முக்கோணங்கள் நான்கு மடங்காகும்.

விலகல் எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. அது மில்லிமீட்டர் அல்ல, பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றின் சராசரியில் இத்தனை சதவீதம் என்பது. 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் என்றால் சராசரி 6 மீட்டர்; அதில் 0.5 சதவீதம் 30 மில்லிமீட்டர். படகின் உடலோடு போல்ட், கீல், கொண்டி எல்லாவற்றையும் ஒரே திடப்பொருளாக இணைத்துவிட்டால் சின்ன போல்ட்டுக்கும் அந்த 30 மில்லிமீட்டர் விலகலே விதியாகும். கோண வரம்பு மட்டுமே அதைக் காப்பாற்றும். போல்ட்டை அழகாக்க விலகல் எண்ணைக் குறைத்தால் படகின் உடல் முழுவதும் முக்கோணம் பெருகும். ஆகவே இணைக்காதீர்கள். உடல் தனி, உதிரிப்பாகம் தனி, ஒவ்வொன்றுக்கும் அதனதன் விலகல் என்று பார்வைப் பண்புகளில் வைத்துக்கொள்ளலாம்.

இது திரைக்கான உடைப்பு மட்டுமே. உள்ளே இருக்கும் வளைபரப்பு கணிதச் சமன்பாடாக அப்படியே இருக்கிறது, அளவெடுத்தால் சரியான எண்தான் வரும். ஆனால் படகு வார்க்கும் அச்சு (மோல்டு) வெட்ட, முக்கோணங்களால் ஆன எஸ்டிஎல் கோப்பாக வெளியேற்றும்போது மறுபடி முக்கோணமாகிறது. அங்கே விலகலைத் தனியாக இறுக்க வேண்டும். தளர்வாக விட்டு வெட்டிய அச்சில் பட்டைகள் விழும். அந்த அச்சிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு ஃபைபர் படகிலும் அதே பட்டை பதிந்திருக்கும்.

முக்கோணங்களைக் கார்டுக்கு அனுப்பும் விதமும் முக்கியம். ஓப்பன்ஜிஎல் 1992-இல் சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தின் யூனிக்ஸ் கணினிகளிலிருந்து பிறந்தது. அதன் பழைய முறையில் ஒவ்வொரு முறை வரையும்போதும் எல்லாப் புள்ளிகளும் சிபியுவிலிருந்து கார்டுக்குப் போகும். 10 லட்சம் முக்கோணம், ஒவ்வொன்றுக்கும் 3 முனை, ஒரு முனைக்கு இடமும் திசையுமாக 24 பைட் என்றால் ஒரு படத்துக்கு 72 எம்பி. நொடிக்கு 60 படம் என்றால் 4.3 ஜிபி. 2003-இல் வந்த ஓப்பன்ஜிஎல் 1.5 இதற்கு விபிஓ என்ற வழியைத் தந்தது: ஒருமுறை கார்டின் நினைவகத்தில் ஏற்றிவிட்டால் பிறகு 'அதை வரை' என்று சொன்னால் போதும். ஃப்ரீகேடின் முப்பரிமாணப் பார்வை விருப்பங்களில் விபிஓ என்று ஒரு தேர்வுப்பெட்டி உண்டு. தனிக் கார்டு இருந்தால் அதை டிக் செய்யுங்கள். டிக் செய்தபின் படம் சிதறினாலோ மென்பொருள் மூடிக்கொண்டாலோ டிரைவர் பழையது என்று பொருள். டிக்கை எடுத்துவிட்டு டிரைவரைப் பாருங்கள்.

அதே பக்கத்தில் ஆன்டி-அலியாசிங், அதாவது விளிம்புகள் பல்போல் தெரியாமல் மென்மையாக்கும் அமைப்பு, இருக்கிறது. 1920க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். நிறத்துக்கு 4 பைட், ஆழத்துக்கு 4 பைட் என்று கணக்கிட்டால் 16.6 எம்பி. அதன் ஒரு முறையான எம்எஸ்ஏஏவை 4 மடங்கில் வைத்தால் அது 66 எம்பி ஆகும். தனிக் கார்டுக்கு இது தூசு. சிபியுவோடு ஒட்டிய கிராபிக்ஸ் ரேமைப் பங்குபோட்டுக்கொள்வதால் அங்கேதான் வலி. அத்தகைய கணினியில் எம்எஸ்ஏஏவை 2 மடங்குக்கு இறக்குங்கள். அதைவிட நல்லது, ரேமைச் சரியாக மாட்டுவது: டிடிஆர்4-3200 ரேம் ஒரே குச்சியாக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு குச்சியாக இரு தடத்தில் இருந்தால் 51.2 ஜிபி. 16 ஜிபி ஒன்று வாங்குவதற்குப் பதில் 8 ஜிபி இரண்டு வாங்குவது மென்பொருள் அமைப்புகள் பலவற்றைவிட அதிகம் கொடுக்கும்.

60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படத்தை மாற்றுகிறது. விசிங்க் (திரை மாறும் சுற்றுக்குக் காத்திருந்து படத்தைக் காட்டும் அமைப்பு) இயங்கும்போது ஒரு படம் வரைய 17 மில்லிசெகண்ட் ஆனால், மயிரிழையில் தவறவிட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க நேரும். நொடிக்கு 60 என்பது 30-க்கு விழும். சற்று முன்வரை நன்றாக இருந்த மாதிரி ஒரு சின்ன உதிரிப்பாகம் சேர்த்ததும் திடீரென்று பாதி வேகமாவதற்கு இது காரணமாக இருக்கலாம். பரப்போடு விளிம்புக் கோடுகளையும் வரையும் பாணியை விட்டு, வெறும் பரப்பாக மட்டும் மாற்றிப் பாருங்கள். அந்த ஒரு மில்லிசெகண்ட் கிடைத்துவிடும்.

திரும்பத் திரும்ப வரும் பாகங்களை எப்படி வைப்பது என்பதற்குப் பாம்பன் புதிய பாலமே நல்ல உதாரணம். 18.3 மீட்டரில் 99 கண்களும், கப்பலுக்கு வழிவிட்டு மேலே எழும் 72.5 மீட்டர் கண் ஒன்றும் அதில் இருக்கின்றன. 99 கண்ணையும் நகலெடுத்து ஒட்டினால் 99 தனிப் பொருள். ஒரு திருத்தத்துக்கு 99 கணக்கீடு. ஒன்றை வரைந்து மற்ற 98-ஐ லிங்க் (மூலத்தைச் சுட்டும் இணைப்பு) ஆக்கினால் கணக்கீடு ஒன்றே, கோப்பும் சிறுக்கும். பிற மென்பொருள்களில் பிளாக் என்பார்கள். திரையில் வரைய வேண்டிய முக்கோணங்கள் மட்டும் குறையாது. அதற்கு, வேலை செய்யாத கண்களை மறைத்து வைப்பதுதான் வழி.

பாலம், கரைத்தடுப்பு, இறங்குதளம் போன்ற வரைபடங்களில் இன்னொரு விசித்திரம் நடக்கும். கோடுகள் நடுங்கும், பெரிதாக்கினால் வட்டம் பல்போல் உடையும், இரண்டு சுவர்கள் ஒன்றில் ஒன்று புகுந்து மினுங்கும். கார்டு கெட்டுவிட்டது என்றே தோன்றும். குற்றவாளி சர்வே கோப்பு. இந்தக் கரை, யூடிஎம் என்ற உலக ஆயத்தொலை முறையில் 44-ஆம் மண்டலத்தில் இருக்கிறது. பாம்பனின் வடக்கு ஆயத்தொலை (நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே உள்ள தூரம்) சுமார் 10 லட்சத்து 26 ஆயிரம் மீட்டர். கோப்பில் எண்கள் 64 பிட்டில் துல்லியமாக இருந்தாலும், கார்டுக்குப் போகும்போது பெரும்பாலும் 32 பிட்டாகச் சுருங்கும். அதில் பயனுள்ள இரும இலக்கங்கள் 24 மட்டுமே. 5,24,288-க்கும் 10,48,576-க்கும் இடையே அடுத்தடுத்த இரண்டு எண்களின் இடைவெளி பதினாறில் ஒரு மீட்டர், அதாவது 6.25 சென்டிமீட்டர். அதற்குள் அடங்கும் எந்த நுணுக்கமும் அருகிலுள்ள படிக்கட்டுக்குத் தாவிவிடும். கரையோரமாக வடக்கே போகப் போக எண் கூடும். தேவிபட்டினம் பக்கத்தில் அந்த 10,48,576 எல்லை கடந்துவிடுவதால் தொண்டியில் வரையும்போது இடைவெளி 12.5 சென்டிமீட்டர்! மில்லிமீட்டர் அலகுக்கு மாற்றினாலும் தப்ப முடியாது, பாம்பனில் அது 64 மில்லிமீட்டராக வந்து நிற்கும்.

தீர்வுக்குக் காசு வேண்டாம். கிழக்கில் 3,02,000, வடக்கில் 10,26,000 என்பதுபோல் முழு எண் ஒன்றை எல்லாப் புள்ளிகளிலிருந்தும் கழித்து, மாதிரியைத் தொடக்கப்புள்ளிக்கு அருகே கொண்டுவாருங்கள். கழித்த எண்ணை வரைபடத்திலேயே எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால் களத்தில் குறியிடும் நாளில் தெரியும்.

கணக்கீட்டுச் சிக்கலுக்கு வருவோம். டெர்மினலில் டாப் கட்டளையை ஓட்டி 1 என்ற விசையைத் தட்டினால் சிபியுவின் ஒவ்வொரு கோரும் (உள்ளிருக்கும் செயலி அலகு) தனி வரியாகத் தெரியும். எட்டுக் கோரில் ஒன்று மட்டும் 100 சதவீதத்தில் தவிக்க, மற்றவை தூங்கினால் அது கேட் மென்பொருளின் இயல்பு: ஒரு படியின் விடை வந்தால்தான் அடுத்த படியைத் தொடங்க முடியும். கோர் எண்ணிக்கை அதிகமுள்ள சிபியுவைவிட, ஒற்றைக் கோரின் வேகம் அதிகமுள்ளது இங்கே மேல். ஐந்தாறு அளவுகளை மாற்றப் போகிறீர்கள் என்றால் ஃப்ரீகேடில் ஆவணத்தின்மேல் வலது சொடுக்கி மறுகணக்கீட்டை நிறுத்திவைத்து, எல்லாம் முடிந்தபின் ஒரே தடவையாக ஓட்டலாம். விளிம்பு மழுக்கும் படிகளைக் கடைசியில் வையுங்கள். முன்னால் வைத்தால் ஏராவின் (படகின் அடிமரம்) உயரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் அவை எல்லாம் மறுபடி கணக்கிடப்படும், பாதி உடைந்தும் போகும்.

ரேமுக்கு விஎம்ஸ்டாட் கட்டளையை 1 நொடி இடைவெளியில் ஓட்டி, ஸ்வாப்புக்கு (ரேம் நிறைந்தால் தரவு ஒதுங்கும் வட்டு இடம்) போவதும் வருவதுமான இரண்டு பத்திகளைப் பாருங்கள். தொடர்ந்து பூஜ்யம் அல்லாத எண் ஓடினால் ரேம் சேர்க்க வேண்டியதுதான். ஸ்வாப்பை எவ்வளவு நாடுவது என்று சொல்லும் ஸ்வாப்பினெஸ்ஸை 60-லிருந்து 10-க்கு இறக்குவது சற்று ஆறுதல் தரும், ரேமை உண்டாக்காது.

வெப்பத்தைப் பார்க்க சென்சார்ஸ் கட்டளை. வேலை செய்யும்போது சிபியு 95 பாகை செல்சியஸைத் தொட்டு, அதன் மெகாஹெர்ட்ஸ் பாதிக்கும் கீழே இறங்கினால், சிபியு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. உள்ளூரில் ஃபேனின் இறக்கைகளிலும் அலுமினியத் துடுப்புகளிலும் படிவது வெறும் தூசியல்ல, கடற்காற்றின் உப்பும் கலந்தது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். இந்தக் கரையில் விடிகாலைகளில் அது சாதாரணம். கரைந்த உப்பு தூசியைப் பிசினாக ஒட்டவைத்துக் காற்று வழியை அடைக்கும். போர்டின் மேல் மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாகவும் பரவும். காரணமே இல்லாமல் மென்பொருள் மூடிக்கொள்வது, நினைவகச் சோதனையில் பிழை வருவது எல்லாம் பல நேரம் ரேம் குச்சியின் முனைகளில் பிடித்த களிம்பால்தான்.

சுத்தம் செய்யும்போது மின்கம்பியைக் கழற்றுங்கள். காற்று ஊதுமுன் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தானாகச் சுழன்றால் பேரிங் கெடும். துடுப்புகளை மெல்லிய பிரஷ்ஷாலும், ரேம் முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சாலும் துடைக்கலாம். தண்ணீரோ ஈரத் துணியோ கூடாது, மிச்சமிருக்கும் உப்பைப் பரப்பிவிடும். சிபியு மேல் பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டாமல் துடைத்தெடுத்து, பச்சைப்பயறு அளவு புதிது வைத்து ஹீட்சிங்க்கை நேராக அழுத்தி, திருகுகளை எதிரெதிர் மூலையாக முடுக்குங்கள். காற்று உள்ளே வரும் பக்கம் நைலான் வடிகட்டி ஒன்றை மாட்டிவிட்டால் அடுத்த சுத்தம் தள்ளிப்போகும், ஆனால் அந்த வடிகட்டியையே மாதத்துக்கு ஒருமுறை தட்டிக் காயவைக்க வேண்டும்.